வழு, வழாநிலை, கட்டளைவரி

ஆம்பூர் என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? தமிழ் படித்த எவரும் தயங்காமல் நான்கு என்பர்: ஆ, ம், பூ, ர். கணினியிடம் கேட்டுப் பாருங்கள், ஏழு என்னும். அதன் நினைவகத்துக்குள் இறங்கி எண்ணினால் இருபத்தொன்று. மூன்று விடைகளும் அதனதன் அளவில் சரியே. ஆனால், 'இதோ இந்த இடத்தில்தான் பிழை' என்று கணினி விரல் நீட்டிக் காட்ட முற்படும்போது இம்மூன்று எண்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. அந்த மோதலைப் பிற்பாடு பார்ப்போம்.

இலக்கியம் பேசும் இடத்தில் கணினியின் பிழைச்செய்திக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. நம்மை இதில் இறக்கிவிட்டது ஒரு மாணவி. வாணியம்பாடியை அடுத்த ஊர். தாய் தந்தை இருவரும் காலணித் தொழிற்சாலையில் வேலை. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழிக் கல்வி. கல்லூரியின் கணினிக்கூடத்தில் பைத்தான் மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதியிருந்தார். பத்துத் தோல்களின் சதுர அடி அளவை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, கூட்டி, மொத்தம் சொல்ல வேண்டும். வேறொன்றும் இல்லை. ஓடவிட்டார். திரையில் நான்கு வரி ஆங்கிலம் வந்து விழுந்தது. கடைசி வரியில் 'அன்சப்போர்ட்டெட் ஆப்பரண்ட் டைப்' என்று இருந்தது. இரண்டு முறை படித்தார். பிறகு எழுதியது முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து மீண்டும் எழுதினார். அதே பிழை. என்ன சொல்கிறது என்று எம் நண்பர் கேட்டதற்கு, "திட்டுது சார்" என்றாராம்.

விசைப்பலகையில் தட்டி வாங்கியது எண் போலத் தோன்றினாலும் பைத்தானுக்கு அது எழுத்துச்சரம். எண்ணோடு அதைக் கூட்ட இயலாது. செய்தி சொன்னது அவ்வளவே. சொன்னது சரி. ஆனால் திட்டுவதாகக் கேட்டிருக்கிறது.

*

பிழைச்செய்திகள் ஏன் இப்படிப் பேசுகின்றன என்று தேடினால் 1969-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் வடிவை எழுதிக்கொண்டிருந்த காலம். அதற்கென அவர் 'எட்' என்றொரு உரைத்தொகுப்பியும் எழுதினார். பயனர் எந்தத் தவறு செய்தாலும் அது ஒரே ஒரு குறியைத்தான் அச்சிடும்: கேள்விக்குறி. கோப்பு இல்லையா? கேள்விக்குறி. கட்டளை புரியவில்லையா? கேள்விக்குறி. தாம்சனிடம் ஒரு மோட்டார் வண்டி இருந்ததாகவும், அதில் எரிபொருள்மானி, வேகமானி எதுவும் கிடையாது என்றும், கோளாறு நேர்ந்தால் முன்பலகையில் பெரியதொரு கேள்விக்குறி மட்டும் ஒளிரும் என்றும், அனுபவமுள்ள ஓட்டுநருக்கு அதுவே போதும் என்றும் ஒரு கேலிக்கதை வழங்குகிறது.

கேலி ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சிக்கனத்துக்குக் காரணம் இருந்தது. அன்று திரை கிடையாது. டெலிடைப் 33 போன்ற தட்டச்சுமுனையங்களில் கணினியின் மறுமொழி தாளில் அச்சாகும். நொடிக்குப் பத்து எழுத்து. அறுபது எழுத்தில் பிழையை விளக்கினால் ஆறு நொடி, அதுவும் தடதடவென்ற ஓசையோடு, காத்திருக்க வேண்டும். உடனிருந்தவர்கள் எல்லோரும் வல்லுநர்கள். எனவே கேள்விக்குறி போதுமானதாக இருந்தது. பிற்காலத்தில் 'எச்' என்று தட்டினால் விளக்கம் தரும் வசதி சேர்ந்தது. ஆயினும் இன்றைய லினக்ஸ் கணினியில் 'எட்'டைத் திறந்து ஏதேனும் உளறிப் பாருங்கள், அதே கேள்விக்குறி. டெலிடைப் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது; அதன் கஞ்சத்தனம் மட்டும் பரம்பரைச் சொத்தாக நமக்கு வந்து சேர்ந்தது.

ஐபிஎம் நிறுவனத்தின் பெருங்கணினிகள் வேறு வழியில் போயின. அங்கே பிழைக்கு ஒரு குறியெண். பொருளறிய அலமாரியில் தடித்த கையேடு. எண் இருக்கவேண்டிய இடத்தில் எண்ணல்லாத ஒன்று இருந்துவிட்டால் 'எஸ்-சைபர்-சி-ஏழு' என்று சொல்லிவிட்டுக் கணினி அந்தப் பணியை நிறுத்திவிடும். வங்கிகளில் கோபால் மொழியில் பணிபுரிந்த மூத்தவர்களுக்கு இந்த எண் இன்றும் கனவில் வரும்! அம்மாணவி செய்த பிழைக்கு இது நெருங்கிய உறவு என்பதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள்.

இதற்கிடையில், மாணவர்களைக் கருதிச் செய்யப்பட்ட முயற்சிகளும் உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1965-இல் உருவான 'வாட்ஃபோர்', விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து 1967-இல் அறிவிக்கப்பட்ட 'டிட்ரான்' ஆகிய ஃபோர்ட்ரான் நிரல்பெயர்ப்பிகள், பிழையைத் தெளிவாகச் சொல்வதைத் தம் முதற்கடமையாகக் கொண்டவை. பென் ஷ்னைடர்மன் 1982-இல் எழுதிய கட்டுரையொன்று, செய்தியின் தொனியே பயனரின் வேலையைப் பாதிக்கிறது என்று வாதிட்டது. ஆக, அறியாமல் நடந்த பிசகன்று இது. அறிந்தவர்கள் இருந்தார்கள், பெருவழக்கு வேறாக இருந்தது.

*

இவ்விடத்தில் நம்மவர்களைச் சற்று நினைத்துக்கொள்வோம். பிழையை வகைப்படுத்துவதில் தமிழ் இலக்கணத்துக்கு நீண்ட பழக்கம் உண்டு. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் பெரும்பாலும் இதைப் பற்றியதுதான். நன்னூலார் வழுக்களை ஏழாகத் தொகுத்தார்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. 'அவன் வந்தாள்' பால்வழு, 'நேற்று வருவான்' காலவழு, 'ஆட்டுப்பாகன்' மரபுவழு. பிழையற்றது வழாநிலை. வியப்பூட்டுவது மூன்றாவது பெட்டி: வழுவமைதி. இலக்கணப்படி வழுவே, ஆயினும் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்படுவது. பசுவைப் பார்த்து ஒருவன் மகிழ்ச்சியில் 'என் அம்மை வந்தாள்' என்றால் திணை பிறழ்கிறது. அது உவப்பினால் வந்ததென்று ஆசிரியர் விட்டுவிடுகிறார்.

இன்றைய நிரல்பெயர்ப்பிகளும் இதே மூன்று பெட்டிகளைத்தாம் வைத்திருக்கின்றன: பிழை, பிழையின்மை, எச்சரிக்கை. எச்சரிக்கை என்பது 'இது ஐயத்துக்குரியது. நீ காரணத்தோடுதான் எழுதினாய் என்றால் ஓட்டு' என்பது. உயர்திணைக்குரிய வினையை அஃறிணைக்குக் கொடுப்பதும், எண்ணுக்குரிய கூட்டலை எழுத்துச்சரத்துக்குக் கொடுப்பதும் ஒரே சாதிப் பிழை. 'ஆப்பரண்ட் டைப்' என்று பயமுறுத்தியதற்குத் 'திணைவழு' என்று பெயரிட்டிருந்தால் பத்தாம் வகுப்பில் இலக்கணம் படித்த அம்மாணவிக்குப் பாதி விளங்கியிருக்கும் என்பது நம் எண்ணம். பண்டைத் தமிழனுக்குக் கணினி தெரிந்திருந்தது என்று நாம் சொல்ல வருவதாக யாரும் கொடி பிடிக்கவேண்டாம். சொல் கையருகில் இருந்தது, எடுக்கவில்லை, அவ்வளவே. ஈழத்து நண்பர்கள் கணினிப் பிழையை 'வழு' என்றே எழுதி வருகிறார்கள். தமிழ்நாட்டில்தான் 'பிழை' நிலைத்துவிட்டது.

*

இனித் தமிழாக்கத்தின் கதை. கட்டளைவரிக் கருவிகளின் செய்திகளை நிரலிலிருந்து பிரித்தெடுத்துத் தனிக்கோப்பில் வைத்து, எந்த மொழியிலும் பெயர்த்துக்கொள்ள வகைசெய்யும் 'கெட்டெக்ஸ்ட்' முறையைக் குனு திட்டம் 1995-இல் வெளியிட்டது. ஒரு வரி ஆங்கிலம், அதன்கீழ் ஒரு வரி தமிழ் என்று நிரப்பிக்கொண்டே போகலாம். 2000-ஆம் ஆண்டையொட்டிக் கேடீஈ, க்னோம் போன்ற லினக்ஸ் பணிமேடைகளை இம்முறையில் தமிழாக்கத் தன்னார்வலர்கள் புறப்பட்டார்கள். எழுத்துரு இல்லை, குறியேற்றத்தில் ஒற்றுமை இல்லை, தகுதரமா ஒருங்குறியா என்ற சண்டை ஓயவில்லை. தமிழ் 1991-இலேயே ஒருங்குறியில் இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தன் தரமாக அறிவிக்க 2010 ஆயிற்று. அந்த நிலையில், ஊதியமின்றி, பெரும்பாலும் இரவில் விழித்திருந்து ஆயிரக்கணக்கான வரிகளைப் பெயர்த்தவர்களைக் குறைகூற நமக்கு நா எழவில்லை.

ஆனால் அவர்கள் முன்னால் கிடந்த சிக்கல் எத்தகையது என்பதைச் சொல்லியாக வேண்டும். செய்தியில் ஓர் இடம் காலியாக விடப்பட்டிருக்கும். ஓடும்போது கணினி அங்கே ஒரு கோப்பின் பெயரை நிரப்பிக்கொள்ளும். ஆங்கிலத்தில் பெயர் எதுவானாலும் வாக்கியம் மாறாது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது பெயரின் ஈறும் திரியும். ஆம்பூர் ஆம்பூரை ஆகும். பேரணாம்பட்டு பேரணாம்பட்டை ஆகும். குடியாத்தம் குடியாத்தத்தை ஆகும். காலியிடத்துக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு 'ஐ' என்று எழுதினால் 'குடியாத்தம்-ஐத் திறக்க இயலவில்லை' என்றுதான் வரும். படிப்பவருக்குத் தமிழைக் கல்லோடு சேர்த்து மென்றது போலிருக்கும்.

'கோப்பு' என்ற சொல்லே ஒரு வேடிக்கை. அதனோடு இரண்டாம் வேற்றுமை சேர்த்தால் 'கோப்பை'. 'கோப்பையைக் காணவில்லை' என்று எவரும் எழுதவில்லையாயினும், 'கோப்பைத் திற' என்ற வரியைப் பார்த்துத் தேநீர்க்கடை நினைவு வராதவர் யார்? இங்கே 'இன்' சாரியை கைகொடுக்கிறது: 'கோப்பினைத் திற'. உருபே வேண்டாமென்றால் 'திறக்க இயலவில்லை: ஆம்பூர்' என்று பெயரைக் கடைசியில் தள்ளிவிடலாம். அல்லது 'ஆம்பூர் என்ற கோப்பினை' என்று 'என்ற' போட்டு, உருபைப் பெயரிடமிருந்து விலக்கிவிடலாம். நல்ல பெயர்ப்பாளர்கள் இந்த மூன்றையும் கண்டுபிடித்தார்கள். அவசரத்தில் செய்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்தது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதன் ஆபத்து. கணினியின் ஆங்கிலம் இயல்பிலேயே கொஞ்சம் கொடூரமானது. 'இல்லீகல்' எழுத்தைச் 'சட்டவிரோத எழுத்து' என்றும் 'ஃபேட்டல்' பிழையை 'மரணப் பிழை' என்றும் பெயர்த்தால் என்ன ஆகும்? ஒரு காற்புள்ளியை விட்டதற்காகக் காவல்நிலையத்துக்கு ஆளனுப்பியது போலாகிவிடும். 'அபார்ட்' என்பதை அகராதி பார்த்துப் பெயர்த்தால் வருவதை இங்கே எழுத விரும்பவில்லை. செயப்பாட்டுவினையின் தொல்லையும் உண்டு. 'அனுமதி மறுக்கப்பட்டது'. யார் மறுத்தார்? எதற்கு? யாரிடம் கேட்கவேண்டும்? வட்டாட்சியர் அலுவலகத்துச் சுவரில் ஒட்டிய அறிவிப்பின் குரல் அது. 'இந்தக் கோப்பினைத் திறக்கும் உரிமை உங்கள் கணக்குக்கு இல்லை' என்றால் ஐந்து சொல் கூடுகிறது. நொடிக்குப் பத்து எழுத்து அச்சிட்ட காலம் போய்விட்டதே, கூடினால்தான் என்ன?

இத்தனையும் திருத்திவிட்டாலும் ஒரு சுவர் எஞ்சி நின்றது. ஆங்கிலச் செய்தியை இணையத்தில் இட்டுத் தேடினால் உலகில் எங்கோ ஒருவர் அதே பிழையில் மாட்டித் தப்பித்த கதை கிடைக்கும். தமிழ்ச் செய்தியைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஆகவே தமிழ் இடைமுகத்தை ஆசையோடு நிறுவியவர்களே, சிக்கல் வந்ததும் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அதே கட்டளையை மறுபடி ஓட்டினார்கள். நாமும் அதைச் செய்தவர்கள்தாம். ஐபிஎம்மின் குறியெண்ணை எள்ளி நகையாடினோம் அல்லவா? தமிழ்ச் செய்தியின் ஓரத்தில் மொழிகடந்த ஓர் எண் இருந்திருந்தால் இந்தச் சுவரைத் தாண்டியிருக்கலாம்.

*

செய்தியை மட்டுமன்றி மொழியையே தமிழில் அமைத்தால் என்ன என்று எண்ணியவர் முத்து அண்ணாமலை. 2007-ஆம் ஆண்டுவாக்கில் அவர் தொடங்கிய 'எழில்' நிரல்மொழி பற்றிய கட்டுரை 2009-இல் வெளியாயிற்று. அச்சிடுவதற்குப் 'பதிப்பி', முடிப்பதற்கு 'முடி', செயற்கூறுக்கு 'நிரல்பாகம்', விடையைத் திருப்பித் தருவதற்குப் 'பின்கொடு'. என். சொக்கனோடு சேர்ந்து எழுதிய 'தமிழில் நிரல் எழுது' என்ற அறிமுக நூலும் உண்டு. எழிலில் நம்மை மிகவும் கவர்ந்தது சொற்களன்று, வரிசை. 'இஃப்' முன்னே வந்து நிபந்தனை பின்னே வருவது ஆங்கில முறை. எழிலில் நிபந்தனையை முதலில் எழுதி, அதன் பின்னால் 'ஆனால்' என்று எழுதவேண்டும். 'மழை பெய்தால்' என்பதில் 'ஆல்' எங்கே நிற்கிறதோ அங்கேயே அதுவும் நிற்கிறது. தமிழில் சிந்தித்த ஒருவரால் மட்டுமே செய்யக்கூடியது இது.

எழில், பைத்தானைக் கொண்டு எழுதப்பட்டது. ஒரு மொழியின் தோளில் மற்றொரு மொழி அமரும்போதெல்லாம் ஓர் இடர் இருக்கிறது: மேல்தளத்தில் பிடிபடாத பிழை கீழ்த்தளத்தில் போய் வெடிக்கும், வெடித்த ஓசை கீழ்த்தளத்தின் மொழியில்தான் கேட்கும். எனவே இத்தகைய மொழியை ஆக்குபவருக்குச் சொற்களைத் தமிழாக்குவதைவிடப் பிழைகளைத் தமிழாக்குவதே பெரிய வேலை. 2020-இல் நெதர்லாந்தின் ஃபெலீன் ஹெர்மன்ஸ் தொடங்கிய 'ஹெடி' என்ற சிறுவர்க்கான மொழி இதை நன்குணர்ந்தது. அதில் கட்டளைச் சொற்களோடு பிழைச்செய்திகளும் பல மொழிகளில் கிடைக்கின்றன.

*

ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளைப் பற்றி ஒரு சொல். தைத்து முடித்த மேற்பகுதியில் குறை இருந்தால், அதைச் சோதிப்பவர் குறை இருக்கும் இடத்தைச் சுட்டி அம்புக்குறி போட்ட சிறிய ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டிவிடுவார். தையல் விட்டதா, தோலில் முள் கீறியதா, உண்ணி கடித்த தடமா, பார்த்த மாத்திரத்தில் தெரியும். 'இந்தக் கூடையில் எங்கோ குறை' என்று எழுதி அனுப்பினால் தைப்பவர் என்ன செய்வார்?

கணினி உலகம் இந்த ஒட்டுத்தாளை மெல்லத்தான் கண்டடைந்தது. 2007-இல் பொதுவெளிக்கு வந்த 'கிளாங்' என்னும் சி நிரல்பெயர்ப்பி, பிழையுள்ள வரியை அப்படியே காட்டி அதன்கீழ் ஒரு கூரைக்குறியும் இட்டுத் தந்தது. போட்டியாளரான ஜிசிசி 2013-இல் அதைப் பின்பற்றியது. 2015-இல் 'எல்ம்' மொழியின் இவான் சப்லிட்ஸ்கி, செய்தியையே தன்மை ஒருமையில் பேசவைத்தார். 'இங்கே எனக்கு விளங்கவில்லை' என்று நிரல்பெயர்ப்பி தன்மீது பழியை ஏற்றுக்கொள்ளும். அதன் தாக்கத்தில் 'ரஸ்ட்' மொழி 2016-இல் தன் செய்திகளைத் திருத்தி எழுதியது. அதில் பல பிழைகளுக்கு எண்ணும் உண்டு. அந்த எண்ணைக் கொடுத்து விளக்கம் கேட்கலாம். குறியெண் வேறு வேடத்தில் திரும்பி வந்துவிட்டது!

தோல் ஷாப்பில் வேலை செய்தவர்கள் அறிந்த மற்றொன்றும் இங்கே பொருந்தும். உரித்த தோலுக்கு உப்பு சரியாக ஏற்றாமல் விட்டால் அன்று ஒன்றும் தெரியாது. ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, மயிர் நீக்கி, பதனிட்டு, சாயமேற்றிய பிறகு மேற்பரப்பு அரித்திருப்பது தெரியும். பிழை ஓரிடம், வெளிப்படுவது வேறிடம். சாயமிட்டவரைத் திட்டிப் பயனில்லை. பைத்தானில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்து மூடாமல் விட்டால் பல ஆண்டுகளாக இதுவே நடந்தது; அடுத்த வரியையோ அதற்கும் அடுத்ததையோ காட்டி, தொடரமைப்புத் தவறு என்று சொல்லும். அந்த வரியில் ஒரு தவறும் இராது. 2021 அக்டோபரில் வெளியான 3.10 பதிப்பில்தான் 'இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை' என்று திறந்த இடத்தையே காட்டும் செய்தி வந்தது. பெயரைத் தவறாகத் தட்டினால் 'இதைத்தான் சொல்ல வந்தீர்களா?' என்று நெருங்கிய பெயரைக் கேட்பதும் அப்பதிப்பில்தான் தொடங்கியது.

இப்போது ஆம்பூரின் எழுத்துக் கணக்குக்குத் திரும்பலாம். பைத்தான் 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து மாறிகளுக்குத் தமிழில் பெயரிட இடந்தருகிறது. 'ஆம்பூர்' என்று ஒரு மாறி. அதை அடுத்து ஒரு பிழை. கூரைக்குறியை எத்தனை இடம் தள்ளி இடுவது? நான்கா? ஒருங்குறிக் கணக்குப்படி ஆ, ம, புள்ளி, ப, ஊகாரக்குறி, ர, புள்ளி என ஏழா? ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டாக இருபத்தொன்றா? ஜிசிசி 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பு வரையில் நெடுவரிசை எண்ணைப் பைட்டுகளைக் கொண்டே சொன்னது. முனையமோ புள்ளிக்கு இடம் ஒதுக்குவதில்லை, துணைக்காலுக்கு ஒதுக்கும். 'ட'வும் 'ணை'யும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடங்குவதும் இல்லை. எனவே தமிழ்ப்பெயருள்ள வரியில் கூரைக்குறி குறையில்லாத இடத்தைச் சுட்டிக்கொண்டு நிற்பதை அடிக்கடி காணலாம். அம்புத்தாள் அடுத்த செருப்பில் ஒட்டப்பட்டுவிடுகிறது!

இன்று பிழைச்செய்தியைப் படியெடுத்து உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் இட்டால் அது தமிழில் விளக்கிவிடுகிறதே, பிறகென்ன என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். விளக்குகிறது; பல வேளைகளில் நன்றாகவே விளக்குகிறது. ஆனால் திட்டு வாங்கியவர் அதைப் பிறரிடம் எடுத்துச் சென்று பொருள் கேட்கவேண்டிய நிலை மாறவில்லை. இணைய இணைப்பு இல்லாத கணினிக்கூடத்தில் அதுவும் இல்லை.

எம் நண்பர் அம்மாணவியையும் அவருடைய வகுப்புத் தோழர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு ஒரு தாள் தயாரித்தார். கணினிக்கூடத்தில் அடிக்கடி வரும் பன்னிரண்டு செய்திகள். இடப்புறம் ஆங்கிலம், வலப்புறம் தமிழ். தமிழ் வரிகளை ஐந்தாறு முறை அடித்துத் திருத்தியிருக்கிறார்கள். வாணியம்பாடி மாணவர் ஒருவர் தமக்கு உருதுவில் ஒரு பத்தி வேண்டுமென்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார். முதல் செய்திக்கு எதிரே, மாணவியின் கையெழுத்தில், இப்படி இருக்கிறது: "திணைவழு. ஒன்று எண், மற்றொன்று எழுத்து. வாங்கியதை எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்டவும். முழுவதையும் அழிக்க வேண்டாம்."